ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

தண்டையார்பேட்டையில் அமீருதீன் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பள்ளிவாசல் பயான் சொற்பொழிவு, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள் என்று எல்லாவற்றுக்கும் அவருடைய பெட்டிகள்தான் போகும். ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்கள் அவரை அறிந்தது பெட்டிகளால் அல்ல, கடை வாசலில் தொங்கிய கரும்பலகையால்.

விடிகாலைத் தொழுகை முடிந்து வந்ததும் நேற்று எழுதியதை ஈரத் துணியால் துடைத்துவிட்டு இன்றைக்கு உரியதை எழுதுவார். மேலே 'இசையில் இன்று' என்று தலைப்பு. இடப்பக்கம் 'பிறந்தவர்கள்'. வலப்பக்கம் 'நிகழ்வுகள்'. எந்த தேசத்தில் எந்த வித்துவான் பிறந்தார், எந்த வாத்தியம் எந்த ஊரில் முதன்முதலாக மேடை ஏறியது என்பதையெல்லாம் இருபது வருடமாகச் சேர்த்து, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நோட்டுகளில் வைத்திருந்தார். ஒரே இடத்தில் பார்த்ததை எழுத மாட்டார். இரண்டு இடத்தில் ஒத்துப்போனால்தான் சாக்பீஸைத் தொடுவார். "சாட்சின்னா ரெண்டு பேராவது வேணும்ல" என்பார்.

எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருந்த மொஹ்சினுக்குத் தினமும் காலையில் அந்தப் பலகையைப் படிக்காவிட்டால் பால் பொங்காது.

"இன்னா பாய், இன்னிக்கு யாரு பொறந்தாங்கோ?"

"பீத்தோவன். ஜெர்மனிக்காரர்."

"அவுரு வூட்லேர்ந்து ஸ்வீட் கீட் குட்த்து அனுப்சாங்களா?"

ஒருவரைச் சிரிக்க வைப்பதற்கும் ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. தண்டையார்பேட்டை அந்தக் கோட்டின் மேலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறது என்பது அமீருதீனின் எண்ணம். அவர் பரங்கிப்பேட்டைக்காரர். ஜீனத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகியும் அந்தத் தெரு அவரை இன்னும் மாப்பிள்ளையாகத்தான் நடத்தியது. மாப்பிள்ளை என்றால் மரியாதையும் உண்டு, கேலியும் உண்டு. அவருக்குக் கேலி கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

ஒருநாள் காசிமேட்டுக் குணசுந்தரி மீன் கூடையோடு வந்து பலகைக்கு முன்னால் நின்றார். அம்மன் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் குணசுந்தரியை அடித்துக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் கிடையாது. அவர் ஒப்பாரி வைத்தால், செத்தவரோடு பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட மூக்கைச் சிந்துவார்.

"யோவ் பாய், தெனம் வெள்ளைக்காரனுங்களா பொறந்துகினு கீறானுங்க. நம்ம ஏரியால ஒருத்தன்கூட பொறக்கவே இல்லியா? நாங்கல்லாம் கடல்லேர்ந்து கரை ஒதுங்குனோமா?"

அமீருதீன் சிரித்தார். ஆனால் அது நெஞ்சில் தைத்துவிட்டது. நியாயமான கேள்விதானே என்று அன்றைக்கே ஒரு புது நோட்டு வாங்கினார். சித்திரை வெயிலில், ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை, ஐம்பது வயது தாண்டிய பாட்டுக்காரர்களையும் வாத்தியக்காரர்களையும் தேடிப் போய்ப் பிறந்த தேதி கேட்டார். ஆதார் அட்டையைப் பார்த்தார். கலைஞர் நலவாரிய அட்டையையும் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போனால் குறித்துக்கொண்டார்.

பதினோரு பேரைப் பார்த்து முடித்துவிட்டு நோட்டைப் புரட்டியவர், திரும்பத் திரும்ப ஒரே தேதியில் வந்து நின்றார். ஒப்பாரி பாடும் குணசுந்தரி, ஜூன் ஒன்று. பேண்டு செட் பொன்னுரங்கம், ஜூன் ஒன்று. டோலக் வாசிக்கும் யாசின், தப்ஸ் அடித்துப் பாடும் ரஷீது, சர்ச்சில் வயலின் வாசிக்கும் எட்வின், மூவரும் ஜூன் ஒன்று. ஜூன் மாத நோட்டை எடுத்துப் பார்த்தால், ரஷ்ய தேசத்துப் பெரிய இசை மேதை கிளிங்காவும் அதே ஜூன் ஒன்று.

"அந்த நாள்ல என்னமோ இருக்கு, ஜீனத்" என்றார் மனைவியிடம். "அல்லாஹ் ஒரு நாளைத் தனியா எடுத்து வெச்சு, இசைக்காரங்களையெல்லாம் அதுல அனுப்பியிருக்கான்."

ஜீனத் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இருக்கும், இருக்கும்" என்றார். அது வெங்காயக் கண்ணீர் என்றுதான் அமீருதீன் நினைத்தார்.

மறுநாள் பலகையின் அடியில் அறிவிப்பு வந்தது. ஜூன் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரே நாளில் பிறந்த நம் பகுதி இசைக் கலைஞர்கள் ஐவருக்குப் பொன்னாடை. மைக் செட் உபயம், அமீருதீன். அன்று டீக்கடையில் இருமல் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. மொஹ்சின் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நல்ல காரியம் பாய், நடத்து" என்றார்.

அந்த ஐவரில் நால்வர் சிரித்தபடி சரி என்று சொல்லிவிட்டார்கள். பொன்னுரங்கம் மட்டும் இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். கையில் தொப்பி வைத்திருப்பவர் போல டிரம்பெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"பாய், ஒரு டவுட்டு. ஸ்டேஜ்ல நானு ஊதணுமா, இல்ல சும்மா குந்திகினு இருந்தா போதுமா?"

"சும்மா உட்கார்ந்திரு போதும். எல்லாரும் கை தட்டுவாங்க."

"எதுக்கு?"

"நீ பொறந்ததுக்கு."

பொன்னுரங்கத்துக்கு அது புதுசு. அவருடைய நான்கு பேர் பேண்டு செட்டை ஜனங்கள் கூப்பிடுவது யாராவது செத்தால்தான். மூலக்கொத்தளம் சுடுகாடு வரை எத்தனையோ பேரை அவர் ஊதிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதனால் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர்கள் அவர் எதிரில் வந்தால் முகம் சுளிப்பார்கள். அந்தச் சங்கடம் அவர்களுக்கு வேண்டாமே என்று, பட்டுப்பாவாடையோ பூத்தட்டோ கண்ணில் பட்டதும், டிரம்பெட்டோடு அவரே பக்கத்துச் சந்துக்குள் ஒதுங்கிக்கொள்வார். அறுபது வயதுவரை அவரை ஒருவரும் எந்த விசேஷத்துக்கும் மேடையில் உட்காரக் கூப்பிட்டதில்லை.

"எங்கம்மா நானு ரெண்டாங்கிளாஸ் படிக்கசொல்லோ பூட்ச்சு பாய்" என்றார். "ஒரு போட்டோகூட கெடையாது. மூஞ்சிகூட சரியா ஞாபகம் இல்ல. என்னைப் பெத்த தேதின்னு அது குட்த்த இது ஒண்ணுதான் கீது. இத்தினி வருசம் கார்டுல சும்மா கெடந்துச்சு. நீதான் தேடி எட்த்துக் குட்த்த."

எண்ணூரிலிருந்து தங்கை குடும்பத்தை வரச் சொல்லியிருப்பதாகவும், வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அமீருதீன் இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதார். ஒரு மனிதனைச் சந்தோஷப்படுத்துவது இவ்வளவு சுலபமாக இருக்கும்போது ஏன் எல்லோரும் வேறு வேலை பார்க்கிறார்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது காப்பீட்டு அட்டைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டி வந்தது. இந்த வேலையையெல்லாம் அதுவரை மகள் ரூஹிதான் பார்த்தாள். அவள் இப்போது மணலி புதுநகரில் புகுந்த வீட்டில் இருந்ததால் அமீருதீனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஜீனத்தின் ஆதார் அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவருக்குப் பிறந்த தேதியில் பேனா நின்றுவிட்டது.

"ஜீனத், உனக்கும் ஜூன் ஒண்ணா?"

"ஆமா."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டாத்தானே? ஊர் ஊரா, தேசம் தேசமா பொறந்தவங்களத் தேடிகினு இருக்கீங்க. நடுவுல நம்ம வூட்லயும் ஒருத்தி என்னிக்காவது பொறந்திருப்பாளேன்னு தோணுச்சா?"

அமீருதீனுக்குக் குற்றவுணர்ச்சியைவிட வியப்புதான் முதலில் வந்தது. "அப்போ உனக்குள்ளயும் இசை இருக்கு ஜீனத். இத்தனை வருஷமா நான் கவனிக்கல."

ஜீனத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நானு தாலாட்டு பாடுனா, தூங்கற ரூஹி எழுந்து குந்திகினு அழுவா. மறந்துட்டீங்களா?" சிரித்து முடித்தபின் அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. இனிமேலும் மறைப்பது பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஏங்க, அது யாரும் பொறந்த தேதி இல்லீங்க. எங்க கார்ப்பரேசன் ஸ்கூல்ல சேக்கசொல்லோ எந்த அம்மாவுக்குத் தேதி தெரியும்? பெருமழை பேஞ்ச வருசம்னு ஒருத்தி சொல்லுவா. மாமனார் செத்த மாசம்னு ஒருத்தி சொல்லுவா. ஹெட்மாஸ்டர் நம்ம கைய தலைக்கு மேல சுத்தி அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்லுவாரு. தொட்டுட்டா அஞ்சு வயசு ஆயிடுச்சுன்னு அர்த்தம். ஸ்கூல் தொறக்கற நாளு ஜூன் ஒண்ணு. அதையே பொறந்த நாளா எழுதிடுவாரு. அவ்ளோதான்."

"எல்லாருக்குமா?"

"எதிர்ல போயி மொஹ்சினைக் கேட்டுப் பாருங்க."

அமீருதீன் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். மொஹ்சினுக்கு ஜூன் ஒன்று. டீ குடித்துக்கொண்டிருந்த ஐஸ் ஃபேக்டரி ஆளுக்கு ஜூன் ஒன்று. ஆட்டோ ஸ்டாண்டில் ஐம்பது தாண்டிய ஒன்பது பேரில் ஏழு பேருக்கு ஜூன் ஒன்று.

"போன வருசம் செத்தானே மீட்டர் வட்டி எத்திராஜி, அவனுக்கும் அதே தேதிதான் பாய்" என்றார் ஒரு ஆட்டோக்காரர். "அவன் இன்னா வாத்தியம் வாசிச்சான்?"

அப்போதுதான் அமீருதீனுக்குத் தன் தப்பு முழுதாகப் புரிந்தது. இசைக்காரர்களை மட்டும் கேட்டால் இசைக்காரர்கள்தான் ஜூன் ஒன்றில் பிறந்திருப்பார்கள். இரண்டு அட்டை ஒத்துப்போனதே என்று நம்பியதும் தப்புதான். ஒன்றைப் பார்த்துத்தானே மற்றதை எழுதியிருப்பார்கள்.

"ஏன் மொஹ்சின், ஒருத்தராவது சொல்லக்கூடாதா?"

மொஹ்சின் கிளாஸைக் கழுவிக்கொண்டே பேசினார். "நீ பாட்டுக்கு ஜாலியா எழுதிகினு இருந்த. கெடுக்க மனசு வரல. பொன்னுரங்கம் வேற சொக்கா தச்சிக்கினான்."

"அவனுக்கும் தெரியும்தானே?"

"அவனுக்குத் தெரியாது பாய். ரெண்டாங்கிளாஸ்லயே நின்னுட்டான். அவங்கிட்ட யாரு பொறந்த நாளைப் பத்திப் பேசியிருக்கப் போறாங்க? அவன் போற எடத்துல எல்லாம் செத்த நாளைப் பத்தித்தான் பேச்சு."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த அமீருதீன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெளியே பக்ரீதுக்கு வந்திருந்த ஆடுகள் தெரு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தன.

"அந்தக் காது கேக்காத பாட்டுக்காரரு பேரு இன்னா, பீத்தோவன்" என்றார் ஜீனத். "அவருக்கே ஞானஸ்நானம் குட்த்த தேதிதான் தெரியும், பொறந்த தேதி நிச்சயமா தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அவருக்கு வருசா வருசம் எழுதறீங்க. பொன்னுரங்கத்துக்கு எழுதுனா மட்டும் சாக்பீஸ் ஒடஞ்சிருமா?"

"அவர் பேர் பக்கத்துல 'உறுதியில்லை'ன்னு எழுதறேனே."

"இதுக்கும் எழுதுங்க."

"பீத்தோவன் வந்து படிக்க மாட்டார். பொன்னுரங்கம் படிப்பான்."

அமீருதீனுக்குப் பலகையில் ஒரு பொய் இருக்கும் என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை உண்மை தெரிந்த இருநூறு பேர் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். தெரியாத ஒரே ஒரு மனிதர் மேலே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருப்பார். அவர்கள் அன்போடுதான் தட்டுவார்கள். ஆனாலும் அந்த மேடையை மரியாதை என்று சொல்ல முடியுமா? அதே சமயம், அம்மா கொடுத்த ஒரே பொருள் என்று ஒருவர் நம்பி வைத்திருப்பதை, அது அம்மா கொடுத்ததில்லை என்று சொல்லிப் பிடுங்குவதற்கு எந்த வேதத்தில் நன்மை எழுதியிருக்கிறது?

பாதிச் சோற்றோடு எழுந்தவர், மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு காசிமேட்டுக்கு நடந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் நெருக்கியடித்துச் சும்மா நின்றன. பொன்னுரங்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி போட்டு டிரம்பெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ஆணியில் புதுச் சட்டை கசங்காமல் தொங்கியது. பக்கத்து வாசலில் குணசுந்தரி கருவாட்டைக் காயவைத்துக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வா பாய், குந்து. நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?"

அமீருதீன் உட்கார்ந்தார். சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது. தான் கேட்டது, பார்த்தது, ஜீனத் சொன்னது, ஆட்டோ ஸ்டாண்டில் எண்ணியது எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "தப்பு என்னோடதுதான். சரியா விசாரிக்காம உன்னை ஆசைப்பட வெச்சுட்டேன். மன்னிச்சிரு" என்றார்.

பொன்னுரங்கம் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"அப்போ இது எங்கம்மா குட்த்தது இல்லியா?"

"ஹெட்மாஸ்டர் குடுத்தது."

பொன்னுரங்கம் எழுந்து சட்டையை ஆணியிலிருந்து எடுத்தார். மடிப்புக் கலையாமல் மடித்துக் கடைக்காரன் கொடுத்த கவரிலேயே வைத்தார். கோபம் இல்லை. அதுதான் அமீருதீனுக்குத் தாங்கவில்லை.

"பரவால்ல பாய். நீ வந்து சொன்னதே பெருசு. அவங்க நாலு பேரை வெச்சி நடத்து. நானு எப்பவும்போல சந்துல நின்னுக்கறேன்."

"டேய்" என்றார் குணசுந்தரி. காக்கை ஓட்டும் குச்சி அவர் கையிலேயே இருந்தது. "சந்துல நிப்பியா நீ? இந்தப் பாய் ஒருத்தரு, ஒரு மேட்டரை ஆரம்பிச்சா முழுசா விசாரிக்க மாட்டாரு. என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நானும் இவனும் ஒரே நாளு ஸ்கூல்ல சேந்தவங்க. அன்னிக்கு இன்னா நடந்துச்சு தெரியுமா?"

"இன்னா நடந்துச்சு?" என்றார் பொன்னுரங்கம் சுரத்தில்லாமல்.

"நீ கொழல் ஊதுன."

"அது ஸ்கூல்ல எப்பவோ ஊதுனேன். ஞாபகம் கீது."

"எப்பவோ இல்ல. அன்னிக்குத்தான். ஜூன் ஒண்ணு. எங்கம்மா, உங்கம்மா, நம்ம ரெண்டு பேரு, எல்லாம் ஹெட்மாஸ்டர் ரூம்ல வரிசையா நின்னுகினு இருந்தோம். தேதி கேட்டாரு. உங்கம்மா, 'எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி, சேத்துக்கோ'ன்னு அழுதுகினு இருந்துச்சு. அவரு பாவம், எழுதிகினு கீறாரு. நீ இன்னா பண்ண? ஆணில மாட்டியிருந்த ஊதுகொழல, அதான் ஸ்கூல் வுடசொல்லோ சாரணருங்க ஊதுவாங்களே, அதை பெஞ்சு மேல ஏறி எட்த்து ஒரே ஊது. ஸ்கூல் வுட்டாச்சுன்னு நெனச்சிகினு மொத்தப் பசங்களும் பையத் தூக்கிகினு ஓடிட்சுங்க. காலைல பத்து மணிக்கு. ஹார்பர்ல ஏதோ கப்பல் கவுந்துகிச்சுன்னு எங்க தெருவே வெளில வந்து நின்னுச்சு."

அமீருதீன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தார். தன்னை அறியாமல்தான்.

"ஹெட்மாஸ்டர் என் காதைத் திருவுனாரு" என்றார் பொன்னுரங்கம் மெதுவாக. "அது நல்லா ஞாபகம் கீது."

"அவரு திருவல. அது உங்கம்மா. அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'இன்னொரு வாட்டி ஊதுடா, கேப்போம்'னாரு. நீ மறுபடியும் ஊதுன. அப்போ உங்கம்மா சிரிச்சிட்சு."

பொன்னுரங்கம் குணசுந்தரியைப் பார்த்தார்.

"சிரிச்சுதா?"

"வாயப் பொத்திகினு. அழுத கண்ணோட. முன் பல்லு ஒண்ணு கொஞ்சம் சாஞ்சிருக்கும், உன் தங்கச்சிக்குக் கீதே, அதுமாரி. அதை மறைக்கத்தான் எப்பவும் பொத்திக்கும்."

ஒரு காக்கை வந்து கருவாட்டில் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போனது. குணசுந்தரி அதை ஓட்டவில்லை. பொன்னுரங்கம் தன் வாயைக் கையால் பொத்தி, எடுத்து, மறுபடியும் பொத்திப் பார்த்தார். அறுபது வயது மனிதர் அப்படிச் செய்ததைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார் அமீருதீன்.

"ஊதுனவனுக்கே நானு சொல்லணுமா? அவனுக்கு ஞாபகம் கீதுன்னு நெனச்சேன்."

"அப்போ, ஊதுனது இவனுக்கு ஞாபகம் இருக்கு. நாள் உனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு சாட்சி ஆச்சு" என்று அமீருதீன் உள்ளங்கையிலேயே குறித்துக்கொண்டார்.

"பாய், அப்போ நானு பொறந்தது என்னிக்கு?" என்றார் பொன்னுரங்கம்.

அமீருதீன் பதில் தேடுவதற்குள் குணசுந்தரி முந்திக்கொண்டார். "என்னிக்கோ பொறந்துட்ட. அதான் இங்க குந்திகினு எங்களைப் பேஜார் பண்ற. சொக்காயத் திரும்ப மாட்டு, கசங்கிடப் போவுது."

அன்று வீடு திரும்பிய அமீருதீன் நேராக அடுக்களைக்குப் போனார்.

"ஜீனத், நீ நெஜமா எப்போ பொறந்தே? உங்கம்மா ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

ஜீனத் திரும்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை என்று சொல்லிக்காட்டுவார் என அமீருதீன் எதிர்பார்த்தார். அவர் சொல்லிக்காட்டவில்லை.

"பக்ரீது பெருநாளுக்கு முந்தின நாளுன்னு சொல்லும். பக்கத்து வூட்டு ஆடு கயித்த அறுத்துகினு எங்க வூட்டுக்குள்ள ஓடியாந்த நேரமாம்."

அமீருதீன் பேனாவைத் தேடினார்.

"எழுதிக்காதீங்க" என்றார் ஜீனத். "ஞாபகம் வெச்சிக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மொஹ்சின் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பலகையைப் படிக்க வந்தார். இடப்பக்கம் கிளிங்காவின் பெயர் மட்டும் இருந்தது. அவருக்குங்கூடத் தம் நாட்டுப் பழைய காலண்டர்படி மே இருபதுதான் பிறந்த நாள் என்று அடியில் ஒரு குறிப்பு. வலப்பக்கம் இப்படி இருந்தது. 'காசிமேடு பொன்னுரங்கம் பள்ளியில் சேர்ந்த அன்றே முதன்முதலாகக் குழல் ஊதினார். பள்ளி காலை பத்து மணிக்கே விட்டது.' அதன் கீழே, 'தலைமை ஆசிரியர் கையால் இன்று பிறந்த எல்லோரும் மாலை விழாவுக்குத் தவறாமல் வரவும். பலகை எழுதுகிறவர் செய்த பிழைக்கு மன்னிக்கவும்.'

மொஹ்சின் இரண்டு தடவை படித்தார். பால் பொங்கி வழிந்தது.

மாலையில் நாற்காலி போதவில்லை. தடைக்காலமாதலால் கடலுக்குப் போகாத குடும்பங்கள் மொத்தமாக வந்துவிட்டன. ஆட்டோ ஸ்டாண்டு காலியாகி இருந்தது. தெருவில் கட்டியிருந்த ஆடு ஒன்று மேடையோரத்துக் காகிதத் தோரணத்தைப் பாதி தின்றுவிட்டது. கேக் வெட்டக் கூப்பிட்டதும் மேடைக்கு நாற்பது பேர் ஏறிவிட்டார்கள். கத்தியைப் பிடிக்க இடம் இல்லாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஜீனத் வர மாட்டேன் என்றார். யாரோ இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐவருக்கும் அமீருதீன் பொன்னாடை போர்த்தினார். பொன்னுரங்கம் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் எண்ணூர்த் தங்கை உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வை அடிக்கடி அங்கேயே போய் வந்தது.

"பொன்னுரங்கம் சும்மா உட்கார்ந்தா போதும்னு சொல்லியிருந்தேன்" என்றார் அமீருதீன் மைக்கில். "இப்போ கேட்டுக்கறேன். அன்னிக்கு ஊதுனதை ஒரு தடவை ஊதிக் காட்டணும்."

பொன்னுரங்கம் எழுந்தார். டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். பள்ளி விடும் குழலோசை தெரு முழுக்க நீளமாக எழுந்தது. அந்தக் கணமே கீழே இருந்த ஐம்பது அறுபது வயது ஆண்களும் பெண்களும் பையையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, தெருமுனை வரை ஓடினார்கள். மொஹ்சின் முன்னால் ஓடினார். குணசுந்தரிகூட மேடையிலிருந்து இறங்கி ஓடினார். பிறகு மூச்சு வாங்கச் சிரித்தபடி எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் சிரித்தது பொன்னுரங்கத்தைப் பார்த்து அல்ல. அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

விழா கலைந்ததும் அமீருதீன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார். அப்போது சுஜா என்ற பெண் புதுச் சட்டை போட்ட கைக்குழந்தையோடு அவர்களை நோக்கி வந்தாள். பொன்னுரங்கத்தின் தெருப் பெண்தான். தை மாதம் அவள் வளைகாப்புக்குக் கோயிலுக்குப் புறப்பட்ட அன்று, எதிரில் வந்த அவர் சந்துக்குள் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருந்தாள். அவளைக் கண்டதும் பொன்னுரங்கம் பழக்க தோஷத்தில் டிரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போகப் பார்த்தார்.

"எங்க போற மாமா, நில்லு" என்றாள் சுஜா. "வர்ற வெள்ளிக்கெழம கொயந்தைக்குப் பேரு வெக்கறோம். நீ செட்டோட வந்து ஊதணும்."

பொன்னுரங்கம் அமீருதீனைப் பார்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறாளோ என்று பின்னாலும் திரும்பிப் பார்த்தார். அங்கே ஆடு மட்டும்தான் நின்றது.

"உங்க வூட்ல பெரியவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்மா?"

"எங்க மாமியாருக்கும் ஜூன் ஒண்ணுதான். இப்போதான் கேக் துன்னுட்டு, போய்க் கூப்புடுன்னு அனுப்சிச்சு."

குழந்தை மினுங்கும் பித்தளையைப் பிடிக்கக் கையை நீட்டியது. பொன்னுரங்கம் தயங்கித் தயங்கி டிரம்பெட்டை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து அதன் கைக்கு எட்டும்படி பிடித்தார்.

"எத்தினி மணிக்கு வரணும்மா?" என்று கேட்டார்.